திரும்பி வந்த டின்கள்

லிம் ஹார்டுவேரில் எனக்கு வேலை
அட்டையில் இருக்கும் நிறத்தை டின்னுக்குள் வரவழைப்பது.
எண்ணைத் தட்டினால் இயந்திரம் சொட்டும்:
கறுப்பு இரண்டு, காவி ஏழு.
மூடியை அடித்து இறுக்கிக் குலுக்க வேண்டும்.
பகாவ் கடைத்தெருவில் பாதிச் சுவர்கள்
என் விரல் தட்டியவைதாம்.

சில டின்கள் திரும்பி வரும்.
"நான் கேட்ட மஞ்சள் இது இல்ல,
மஞ்சக்காமாலை கண்ணு மாதிரி இருக்கு."
தவுக்கே அதன் மேல் பெருக்கல் குறி போட்டு
மூன்று வெள்ளிக்கு என் பக்கம் தள்ளுவார்.
அப்படிச் சேர்ந்தவை என் அறையில்
ஒரு பள்ளிக்கூடம் வேண்டாமென்ற பச்சை,
கல்யாண மண்டபம் பயந்துபோன சிவப்பு,
கேட்டவருக்கே அடையாளம் தெரியாத ஒரு நீலம்.
சரியான நிறம் எதுவும்
என் வீட்டுக்கு வந்ததே இல்லை.

நவமணி அக்கா ஓர் ஐசி படம் கொண்டுவந்தாள்.
தருமலிங்கம்.
செம்பனை ஆலையில் கொதிகலன் பார்த்தவர்.
"பெருசா வரைஞ்சு குடு. திதிக்கு வேணும்."

ஒட்டுப்பலகையில் பென்சிலால் கட்டம் போட்டேன்.
மூக்கு வந்தது. மீசை வந்தது.
சட்டைப் பித்தான்கூட வந்தது.
அவர் மட்டும் வரவில்லை.

நான் அவரைப் பார்த்தது ஒரே விதமாகத்தான்:
காலை ஆறரை, இரவு ஷிப்ட் முடிந்து
மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஆலைச் சாலையில்,
பெட்ரோல் தீர்ந்ததோ தூக்கமோ,
புகைபோக்கி அவர் தலையிலிருந்தே முளைத்ததுபோல.

மூன்றாம் இரவு மழை, மின்சாரம் போயிற்று.
அறை முழுக்க டர்பன்டைன் நெடி;
தீக்குச்சி கிழிக்கத் துணியவில்லை.
இருட்டில் எல்லா டின்னும் ஒரே டின்.
திறந்திருந்ததில் கையை விட்டேன்.
யோசித்தால் எனாமல் தோல் கட்டிவிடும்,
தோல் கட்டுமுன் தோளைப் போட்டாக வேண்டும்.
உள்ளங்கையால் இழுத்தேன்.
இறங்கிக்கொண்டே போன தோள்
பலகை தீர்ந்த இடத்தில்தான் நின்றது.
கழுத்து இல்லை. இருக்கட்டும்.
வாய்க்கு நேரமில்லை.
நிற அட்டை ஒன்றை மடித்து அதன் முனையால்
நெற்றியைச் சுரண்டினேன்.

விடிந்தபின் தெரிந்தது:
முகம் பள்ளிக்கூடத்துப் பச்சை.
மார்பிலிருந்து கீழே கொதிக்கிற மண்டபச் சிவப்பு.
சுரண்டிய நெற்றியில்
பழைய பென்சில் கட்டங்கள் எட்டிப் பார்த்தன.
எனக்கு அழுகை வரவில்லை, பசி வந்தது.
மூலைக்கடையில் மூன்று ரொட்டி சானாய் தின்றேன்,
நகத்தில் நீலத்தோடு.

நவமணி அக்கா வெகுநேரம் நின்றாள்.
"மூக்கு எங்கடி?"
ஐசி படத்தைத் திருப்பிக் கொடுத்து
அதில் இருக்கிறது என்றேன்.
"இவரு என்ன, பச்சையா?"
இருட்டில் கையில் அகப்பட்டது அது,
எப்படிச் சொல்ல?
பணம் தரவில்லை.
பலகையை மட்டும் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.
நல்ல பலகை, பன்னிரண்டு மில்லி கனம்.

திதிக்கு, போட்டோக் கடையில்
ஐசி படத்தையே பெரிதாக்கி மாலை போட்டாள்.
என் தருமலிங்கம்
கோழிக்கூண்டுக்குப் பக்கச் சுவரானார்,
முகம் சாலையைப் பார்க்க.
உள்பக்கமாகவும் திருப்பி அடித்திருக்கலாம்.
ஏன் அடிக்கவில்லை என்று நான் கேட்கவில்லை.

குலை ஏற்றிய லோரிகள் அவர் மேல் தூசியடித்துப் போகின்றன.
வேலைக்குப் போகையில் தினமும் பார்க்கிறேன்.
இடது தோள் இன்னும் இறங்கியிருக்கலாம்.
ஒருநாள் வண்டியை நிறுத்திப்
பையிலிருந்து தூரிகையை எடுத்தேன்.
"தொடாதடி," குரல் மட்டும் வந்தது
சமையலறைப் பக்கமிருந்து. "கோழி மிரளும்."

அப்போதுதான் கவனித்தேன்,
நான் வாய் வைக்காத இடத்தில்
ஒரு கோழி எச்சமிட்டிருந்தது:
நடுவில் வெள்ளை, ஓரத்தில் சாம்பல்,
ஒரே வீச்சில், திருத்தாமல்.

கடைக்குப் போனதும் முதல் வேலையாக
அந்த வெள்ளைக்கு எண் தேடினேன்.
வெள்ளையில் ஒரு சொட்டுக் காவி,
அரைச் சொட்டுக் கறுப்பு.
கிட்டத்தட்ட வருகிறது.
கிட்டத்தட்டத்தான்.